முகத்தை மூடினால் குற்றமா? மாஸ்க்கைத் தடுத்த சட்டங்களின் கதை

1/
போன மாதம் ஓபியில் ஒரு அக்கா. ஸ்பின்னிங் மில் வேலை. சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்து, மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. (ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், இந்த மாஸ்க்கைப் போடாம இருந்தா என்னுங்க ஆகும்?"

2/
விசாரித்தால் விஷயம் இதுதான். நகைக்கடனுக்கு வட்டி கட்டப் போயிருக்கிறார். வாசலில் செக்யூரிட்டி, "மாஸ்க்கைக் கழட்டிட்டு உள்ள போங்க" என்றிருக்கிறார். "டாக்டர் போடச் சொல்லியிருக்காருங்க" என்று இவர் சொல்ல, "இப்பத்தான் கொரோனா இல்லையே, அப்படி என்ன வியாதி உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

பின்னாலேயே எட்டுப் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதில் ரெண்டு பேர் இவர் தெருக்காரர்கள். அக்கா பதில் சொல்லாமல், வட்டியும் கட்டாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

3/
அந்த செக்யூரிட்டியைத் திட்டுவதற்காக இந்தத் திரெட் இல்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவை அவர் செய்தார். முகம் கேமராவில் பதிய வேண்டும் என்பதும் நியாயமான தேவைதான்.

ஆனால் "முகத்தை மூடியவர் சந்தேகத்துக்குரியவர்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சில நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. அந்தச் சட்டங்களுக்கு 180 வருஷ வரலாறு உண்டு. அதில் நோயாளிகள் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

4/
முதலில் அமெரிக்கா, நியூயார்க் மாகாணம். 1840-களில் அங்கே பெரிய ஜமீன்தார்களின் நிலத்தைப் பரம்பரையாகக் குத்தகைக்கு உழுத விவசாயிகள், "இனி குத்தகை தர மாட்டோம்" என்று கிளம்பினார்கள். வசூலுக்கும் ஜப்திக்கும் வரும் அதிகாரிகளை விரட்ட, சீட்டித் துணி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் மாட்டிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். யார் எவர் என்று தெரியாது. கேஸ் போட முடியாது.

1845 ஜனவரியில் அரசு சட்டம் போட்டது: பொது இடத்தில் முகத்தை மறைத்து வந்தால் கைது.

5/
குத்தகைப் பிரச்சனை சில வருஷங்களில் அடங்கிவிட்டது. சட்டம் அடங்கவில்லை. வேறு வேறு வடிவத்தில் நீடித்து, 2011-ல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்களைக் கைது செய்யவும் பயன்பட்டது. 166 வருஷம் கழித்து!

கடைசியில் அதை நீக்கியது எது தெரியுமா? கொரோனா. 2020-ல் எல்லோரும் மாஸ்க் போட்டே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு போட்ட பிறகுதான், "ஐயோ, நம்ம சட்டப்படி அது குற்றமாச்சே" என்று விழித்து அதை ரத்து செய்தார்கள்.

6/
அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கதை வேறு. அங்கே வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு கறுப்பின மக்களைத் தாக்கிய கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை அடக்க இதே மாதிரிச் சட்டங்கள் வந்தன. ஜார்ஜியாவில் 1951, வட கரோலினாவில் 1953.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. முகத்தை மூடிக்கொண்டு வந்து வீட்டைக் கொளுத்துகிறவனைப் பிடிக்கத்தானே வேண்டும். ஆனால் கொரோனா வந்தபோது ஜார்ஜியா ஆளுநர் 2020 ஏப்ரலில், "மாஸ்க் போட்டதற்காக யாரையும் இந்தச் சட்டத்தில் பிடிக்க வேண்டாம்" என்று தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது.

7/
இதையெல்லாம் பார்க்கும்போது ஒன்று புரியும். இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யாரும் நோயாளியை மனதில் வைத்து எழுதவில்லை. ஒருவர் ஜப்தி அதிகாரிக்காக எழுதினார். ஒருவர் க்ளானுக்காக எழுதினார். நோயாளி நடுவில் வந்து மாட்டினார்.

சரி, மாஸ்க் மருத்துவத்துக்குள் எப்போது வந்தது?

8/
டாக்டர் வூ லியன் தே. 1879-ல் பினாங்கில் பிறந்த சீனர், கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. அங்கே பரவியது எலித் தெள்ளு கடித்து வரும் பிளேக் இல்லை, இருமலில் காற்று வழியாகப் பரவும் நுரையீரல் பிளேக் என்று அவர் சொன்னார். பஞ்சையும் காஸ் துணியையும் அடுக்கி மாஸ்க் செய்து, எல்லோரும் போடுங்கள் என்றார்.

9/
மூத்த பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அதே பிளேக்கில் இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர்.

இன்று ஓபியில் நான் போடும் மாஸ்க்கின் கொள்ளுத்தாத்தா அந்தப் பஞ்சு மாஸ்க்தான். பஞ்சை நம்பி வாழும் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

10/
பிளேக் நமக்கும் அந்நியம் இல்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயமுத்தூரை அது பலமுறை காலி செய்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கின்றன. மருந்து இல்லாத காலத்தில் மக்கள் அம்மனிடம் போனார்கள்.

அதே பிளேக் பயத்தில்தான் 1897-ல் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டமும் இலங்கையில் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டமும் வந்தன. இந்த இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

11/
இப்போது ஹாங்காங். 2003-ல் சார்ஸ் வந்து அங்கே 299 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லேசாகச் சளி பிடித்தாலே மாஸ்க் போட்டு வெளியே வருவது அந்த ஊரின் பழக்கமாகிவிட்டது. அடுத்தவருக்குத் தொற்றக்கூடாது என்ற மரியாதை அது.

2019-ல் அரசுக்கு எதிரான போராட்டம் பெரிதாக வெடித்தது. இளைஞர்கள் அடையாளம் தெரியாமல் இருக்கவும் கண்ணீர்ப்புகைக்காகவும் மாஸ்க் போட்டார்கள். அக்டோபர் 5 முதல் கூட்டங்களில் முகத்தை மூடத் தடை. மீறினால் ஒரு வருஷம் ஜெயில், 25,000 ஹாங்காங் டாலர் அபராதம்.

12/
"ஏற்கெனவே இருக்கும் உடல்நலக் காரணம்" உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். கூடவே, ரோட்டில் போகிற யாரையும் நிறுத்தி மாஸ்க்கைக் கழட்டச் சொல்லும் அதிகாரத்தைப் போலீஸுக்குக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், "ஏற்கெனவே இருக்கும்" நோய். இனிமேல் வரக்கூடாது என்று போடுகிறவர் இதில் எங்கே வருவார்?

13/
மூன்றே மாதத்தில் கொரோனா வந்தது. 2020 ஜூலையில் பஸ், ரயிலில் மாஸ்க் கட்டாயம் ஆனது. அந்த வருஷம் டிசம்பரில், மாஸ்க் போடாவிட்டால் 5,000 டாலர் அபராதம் என்று உயர்த்தினார்கள். அதே டிசம்பர் 21-ஆம் தேதி அந்த ஊரின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டங்களில் முகம் மூடுவதற்கான தடை செல்லும் என்று தீர்ப்பு சொன்னது.

ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே மாஸ்க். போட்டால் ஒரு சட்டம், போடாவிட்டால் இன்னொரு சட்டம்.

14/
பிரான்ஸிலும் இதே கூத்து. பொது இடத்தில் முகத்தை மூடத் தடை 2011 ஏப்ரல் முதல் அமலில் உண்டு. அபராதம் 150 யூரோ வரை. 2020 மே மாதம் பஸ், மெட்ரோவில் மாஸ்க் கட்டாயம். போடாவிட்டால் 135 யூரோ. உடல்நலக் காரணத்துக்கு அந்த 2011 சட்டத்திலேயே விலக்கு இருந்ததால் சமாளித்தார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் நின்றது. கிருமிக்காக மூடினால் நல்ல குடிமகன், நம்பிக்கைக்காக மூடினால் குற்றவாளி. துணி மறைக்கும் முகம் என்னவோ ஒன்றுதான்.

15/
இனி நமக்குப் பக்கத்தில், தமிழ் பேசும் மண்ணுக்கு வருவோம். இலங்கை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று நாடே உறைந்தது. ஏப்ரல் 29 முதல், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவசரகால விதியின் கீழ் முகத்தை முழுதாக மறைக்கும் எந்தத் துணிக்கும் தடை விதித்தார்.

16/
அந்த விதியில் "முழு முகம்" என்றால் என்ன என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். காதுகளும் சேர்த்துத்தான் முழு முகம்!

விளைவு என்ன ஆகும் என்று யோசியுங்கள். முகத்தைத் திறந்து, தலையையும் காதையும் மட்டும் மூடும் ஹிஜாப் போட்ட பெண்களையும் வாசலில் நிறுத்த இது போதாதா? அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும்கூட முஸ்லிம் பெண்களைத் திருப்பி அனுப்பியதாகப் புகார்கள் வந்தன. சட்டம் சொன்னது ஒன்று, வாசலில் நின்றவர் புரிந்துகொண்டது இன்னொன்று.

17/
ஒரு டாக்டராக எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. எட்டு மாதக் கர்ப்பிணி செக்கப்புக்குப் போகிறார் என்று வையுங்கள். வாசலில் "அதைக் கழட்டு" என்கிறார்கள். ஒரு தடவை அவமானப்பட்டால் அடுத்த தடவை அவர் வர மாட்டார். பிரஷர் ஏறியது தெரியாது. சர்க்கரை ஏறியது தெரியாது. பிரசவ வலியோடு கடைசி நிமிஷத்தில் வருவார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரைத் திருப்பி அனுப்புவதன் விலை எந்த அபராத ரசீதிலும் வராது.

18/
நான்கு மாதம் கழித்து, 2019 ஆகஸ்ட் கடைசியில் அவசரகால நிலை காலாவதியானது. தடையும் போனது.

அடுத்த வருஷம் கொரோனா. 2020 அக்டோபரில் பொது இடத்தில் மாஸ்க் கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. எந்தச் சட்டத்தின் கீழ்? நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அதே 1897 தனிமைப்படுத்தல் சட்டம். மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

19/
அத்தோடு முடியவில்லை. 2021 மார்ச்சில் அமைச்சர் சரத் வீரசேகர, புர்காவைத் தடை செய்யும் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டேன் என்று அறிவித்தார். ஏப்ரல் கடைசியில் அமைச்சரவையும் ஒப்புதல் கொடுத்தது. வெளியில் நாடு முழுக்க மாஸ்க் கட்டாயம். உள்ளே முகம் மூடத் தடை பற்றி முடிவு.

பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். குண்டுவெடிப்பில் பிள்ளையை இழந்தவரின் பயத்தை நான் சின்னதாகச் சொல்லவே மாட்டேன். ஆனால் மாஸ்க்குக்குள் இருந்த இரண்டு கோடிப் பேரை அடையாளம் காண முடிந்த அரசுக்கு, சில ஆயிரம் பெண்களை மட்டும் முடியாமல் போனது எப்படி?

20/
"அதெல்லாம் வெளிநாடு டாக்டர்" என்பவர்களுக்கு: உடுமலையிலிருந்து மூணாறு ரோட்டில் சின்னார் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. 2022 ஜூன். அங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து மாஸ்க் மறுபடி கட்டாயமாகியிருந்தது. அப்போது தங்கக் கடத்தல் வழக்கை வைத்து முதல்வருக்கு எதிராகக் கறுப்புக்கொடிப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன.

முதல்வர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளில், கறுப்பு மாஸ்க் போட்டு வந்தவர்களைக் கழட்டச் சொன்னதாகச் செய்தி வந்தது. பத்திரிகையாளர்களும் தப்பவில்லை. பெரிய சர்ச்சையான பிறகு, கறுப்பு உடைக்கோ மாஸ்க்குக்கோ தடை எதுவும் இல்லை என்று முதல்வரே விளக்கம் சொன்னார்.

சட்டமே இல்லாமல் இது நடந்தது. மாஸ்க்கை ஆயுதமாகவோ கொடியாகவோ பார்க்க ஆரம்பித்தால் கிருமி மறந்துபோகும்.

21/
கொரோனா ஓய்ந்த பிறகும் இந்தச் சட்டங்கள் திரும்பி வருகின்றன. 2024-ல் வட கரோலினாவில், கொரோனா காலத்தில் சேர்த்த உடல்நல விதிவிலக்கை எடுத்துவிட மசோதா வந்தது. புற்றுநோயாளிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் எதிர்த்ததால் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். தொற்றைத் தடுக்க மருத்துவத் தர மாஸ்க் போடலாம், ஆனால் போலீஸோ அந்த இடத்தின் உரிமையாளரோ கேட்டால் அடையாளத்துக்காகத் தற்காலிகமாக எடுக்க வேண்டும் என்று முடிந்தது.

22/
அதே வருஷம் ஆகஸ்டில் நியூயார்க்கின் நாசாவ் கவுன்டியில் மாஸ்க் தடை. ஒரு வருஷம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். 1845 சட்டத்தை நீக்கிய அதே மாகாணத்தில்! உடல்நலத்துக்கும் மதத்துக்கும் விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போனது. விலக்குதான் இருக்கிறதே என்று அந்த வழக்கு தள்ளுபடியானது.

23/
"அதான் விலக்கு இருக்கே, அப்புறம் என்ன?" நிறையப் பேர் கேட்பது இதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

விலக்கு வேண்டுமென்றால் நீங்கள் நோயாளி என்று நிரூபிக்க வேண்டும். யாரிடம்? ரோட்டில் நிற்கும் போலீஸிடம், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம். மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர், கீமோ எடுப்பவர், வீட்டில் எதிர்ப்பு சக்தி இல்லாத குழந்தை வைத்திருப்பவர், யாருக்கும் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. பார்த்தால் நல்லாத்தான் இருப்பார்கள்.

24/
அதிலும் நம் ஊரில் டிபி என்று வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாடகை வீட்டுக்காரர் முகம் மாறும். பெண்ணுக்குப் பார்த்த வரன் தள்ளிப்போகும். மில் ஹாஸ்டலில் தட்டு தனியாகும்.

அந்த அக்கா வரிசையில் பதில் சொல்லாமல் திரும்பியது இதனால்தான். மாஸ்க்கைக் கழட்டியிருந்தால் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆபத்து. காரணத்தைச் சொல்லியிருந்தால் அவருடைய குடும்பத்துக்கு ஆபத்து. அவர் இரண்டையும் செய்யாமல் கடனை முற்றவிட்டார்.

25/
"மாஸ்க் போட்டா மட்டும் டிபி நிக்குமா டாக்டர்?" நல்ல கேள்வி. தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆராய்ச்சி செய்து 2012-ல் வெளியிட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத டிபி நோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டார்கள். நோயாளிகள் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்ட நாட்களில் ஒரு கூட்டம், போடாத நாட்களில் இன்னொரு கூட்டம் அந்தக் காற்றைச் சுவாசித்தது.

போடாத நாட்களின் காற்றில் 90-ல் 69-க்குத் தொற்று. போட்ட நாட்களின் காற்றில் 90-ல் 36-க்கு. முழுசாக நிற்கவில்லை. ஆனால் பாதிக்குப் பாதி குறைந்தது. சில ரூபாய் விலையுள்ள துண்டுக்கு இது பெரிய விஷயம்.

26/
மில் வேலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ். வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நெஞ்சு இறுக்கும், மூச்சு திணறும். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கும் நோய் இது. பார்த்தால் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தூசியை இயந்திரத்திலேயே உறிஞ்சி எடுப்பதுதான் முதல் தீர்வு, அது முதலாளியின் பொறுப்பு. மாஸ்க் அதற்கு அடுத்தது. அதையும் "என்ன ஸ்டைலா?" என்று கேலி செய்து கழட்ட வைக்காதீர்கள்.

27/
சரி, அப்போது அடையாளம்? நகைக்கடைக்கும் பேங்க்குக்கும் திருட்டு பயம் இருக்காதா? இருக்கும். இதற்கான விடையை நாமே கண்டுபிடித்து ஒரு தடவை செய்தும் காட்டிவிட்டோம்.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். வாக்குச்சாவடியில் எல்லோரும் மாஸ்க். அதிகாரி கேட்டால் ஒரு நிமிஷம் கீழே இறக்கி முகத்தைக் காட்டு, திரும்ப ஏற்று, உள்ளே போய் ஓட்டுப் போடு. நாட்டின் மிக முக்கியமான அடையாளச் சோதனையே இப்படி முடிந்துவிட்டது. யாரும் யாரிடமும் "என்ன வியாதி?" என்று கேட்கவில்லை.

28/
நான் கேட்பது அவ்வளவுதான்:

• கடை, பேங்க், ஏடிஎம் செக்யூரிட்டிகளுக்கு: "ஒரு நிமிஷம் இறக்கிக் காட்டுங்க, அப்புறம் போட்டுக்கங்க" என்று சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள்.
• மில், கம்பெனி சூப்பர்வைசர்களுக்கு: மாஸ்க் போட்டு வேலைக்கு வருபவர் உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார்.
• மாஸ்க் போடுபவர்களுக்கு: இறக்கும் அந்தச் சில நொடி பேசாதீர்கள், இருமாதீர்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.
• டிபி மருந்து எடுப்பவர்களுக்கு: முதல் சில வாரம் கூட்டத்தைத் தவிருங்கள். மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். மாஸ்க் எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார்.

29/
அந்த அக்காவுக்கு என்ன செய்தேன்? ஓபி சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: "மருத்துவக் காரணங்களுக்காக முகக்கவசம் அணிய அறிவுறுத்தப்பட்டுள்ளது." கையெழுத்து, சீல்.

வாங்கிக்கொண்டு கேட்டார்: "இதுல வியாதி பேரு எதுவும் இல்லீங்களே சார்?" இல்லை என்றேன். இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்துப் பர்ஸில் வைத்தார்.

30/
அவர் போன பிறகு யோசித்தேன். ஹாங்காங்கையும் நாசாவையும் குறை சொல்லும் நான், கடைசியில் செய்தது என்ன? நானும் ஒரு விலக்குச் சீட்டுதான் எழுதியிருக்கிறேன். தன் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள ஒரு மனுஷிக்கு அரசு டாக்டரின் சீல் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் மாஸ்க்குக்கு எதிராக அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. வரவும் வேண்டாம். வாசலில் நிற்கும் நாம் ஒவ்வொருவரும் அப்படி ஒரு சட்டமாக மாறாமல் இருந்தால் போதும்.

அடுத்த முறை மாஸ்க் போட்டவரைப் பார்த்தால் கொஞ்சம் வழி விடுங்கள். பேங்க், கடைகளில் வேலை செய்யும் நண்பர்கள் இருந்தால் 28-ஐ மட்டுமாவது அவர்களுக்கு அனுப்புங்கள்.